கம்பெனி நினைத்துக்கொண்டிருந்த வண்டி

எங்கள் சித்தப்பாவின் அமெரிக்க வண்டியைப் பற்றி யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். நல்லவேளை, யாரும் சொல்வதில்லை. ரங்கூனின் தின்கன்ஜூனில் எங்கள் தெருவின் பழைய ஆட்கள் அதை நினைத்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்னால் சிரிக்க முடியாது. அதைத் தள்ளியவர்களில் நானும் ஒருத்தி.

வெளிநாட்டு வண்டிகளை இறக்கிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்துவிட்ட காலம் அது. எனக்குப் பதினோரு வயது. ஒரே வருஷத்தில் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு சின்ன ஜப்பான் வண்டி வந்து நின்றது. எல்லாம் யாரோ ஓட்டிக் கழித்தவைதான், ஆனாலும் சாவியைத் திருப்பினால் கிளம்பின. ஒரே கோளாறு, ஸ்டியரிங். ரங்கூனில் சாலையின் வலதுபக்கம் ஓட்டுகிறோம். அந்த வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலதுபக்கம். அதனால் ஓட்டுகிறவருக்கு முன்னால் போகும் பஸ்ஸின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. முன்சீட்டில் இடதுபக்கம் உட்காருகிறவர்தான் கழுத்தை நீட்டிப் பார்த்து, "வருது, வருது, இரு... ம், இப்பப் போ" என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பாதிக் குடும்பச் சண்டைகள் இந்த "இப்பப் போ"வில் ஆரம்பித்தவை.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தார். அலோன் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணி, எண்ணிய பெட்டியின் மேல் தடித்த நீலப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பது அவர் வேலை. அந்தப் பென்சில் வீட்டிலும் அவர் காதில்தான் இருக்கும். எங்கள் வீட்டுக் காலண்டர், கரண்டு பில், அரிசி மூட்டை எல்லாவற்றிலும் அந்த நீலக் கோடு உண்டு.

"ஊரே தப்பான பக்கம் உக்காந்து ஓட்டுது. நான் சரியான பக்கம் உக்காந்து ஓட்டப் போறேன்" என்றார். சேமிப்பையெல்லாம் துடைத்துப் போட்டு, காப்பி நிறத்தில், படகு மாதிரி நீளமாக ஒரு அமெரிக்க வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்டியரிங் இடதுபக்கம் இருந்தது. அது ஒன்றுதான் அந்த வண்டியில் கடைசிவரை சரியாக இருந்தது.

பெகு போகிற வழியில் ஓர் ஆலமரத்தடிக் கோயில் இருக்கிறது. புது வண்டி வாங்கிய பர்மாக்காரர்கள் அங்கே போய், மரத்துக்கு எதிரே வண்டியை மூன்று முறை முன்னும் பின்னும் நகர்த்திக் கும்பிட வைப்பார்கள். நம் ஆட்களும் விட்டுவைப்பதில்லை. முதலில் அம்மன் கோயிலில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், அப்புறம் ஆலமரம். எங்கள் வண்டி முதல் கும்பிடு போட்டது. இரண்டாவதும் போட்டது. மூன்றாவதுக்கு முன்னால் போனது, பின்னால் வரவில்லை. இன்ஜின் அணைந்து, மூக்கு மரத்தில் இடிக்கிற மாதிரி நின்றுவிட்டது. பின்னால் எட்டு வண்டிகள் வரிசையில் ஹாரன் அடித்தன. பூசாரியம்மா வந்து பார்த்துவிட்டு, "பக்தி ஜாஸ்தி, எழுந்திரிக்க மனசில்லை போல" என்று பர்மியில் சொன்னார். சித்தப்பாவுக்கு அது பாராட்டாகவே பட்டது.

வண்டியோடு ஒரு தடித்த புத்தகமும் வந்திருந்தது. பழைய சொந்தக்காரர் யாரோ உள்ளே விட்டுவிட்டுப்போன கம்பெனியின் சரித்திரம், படங்களோடு. சித்தப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ், பெட்டி, எடை, உடைசல், குறைவு என்ற அளவில் நிற்பது. படங்களைப் பார்த்தும், படத்தின் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டியும், துறைமுகத்தில் நாலு பேரைக் கேட்டும் அந்தச் சரித்திரத்தை அவர் மனப்பாடம் செய்துவிட்டார். வண்டி நிற்கும்போதெல்லாம் அதிலிருந்து ஓர் அத்தியாயம் சொல்வார். வண்டி அடிக்கடி நின்றதால் நாங்களும் அந்தக் கம்பெனியில் பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டோம்.

க்யிம்யிண்டைங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது நின்றதே, அன்றைக்குக் கம்பெனி முதலாளியின் பிறப்பு. அவர் பால்வண்டிக்காரர் மகனாம். பனியில் குதிரை செத்துப்போக, அதே வண்டியில் ஓர் இன்ஜினை மாட்டினாராம். கதை முடிவதற்குள் டிக்கியில் மீன் நாற ஆரம்பித்துவிட்டது. மழைத்தண்ணீரில் நின்ற அன்று, தொழிற்சாலை எரிந்து மறுபடி கட்டியது. அலோன் ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேலேயே நின்ற அன்றுதான் உச்சம். கேட்காரர் கொடியை ஆட்டிக்கொண்டு கத்த, அப்பாவும் அக்காவும் நானும் பின்னாலிருந்து தள்ள, சித்தப்பா ஜன்னல் வழியே ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே, யுத்தத்தில் இதே கம்பெனி லாரிகள் மலைமேல் பர்மா ரோட்டில் சீனா வரைக்கும் போனதைச் சொன்னார்.

"சீனா வரைக்கும் போச்சாம். இங்க தண்டவாளம் தாண்டல" என்றார் அப்பா.

ஜப்பான்காரர்கள் சின்ன வண்டிகளோடு அமெரிக்காவில் வந்து இறங்கி, இந்தக் கம்பெனியை மூச்சுத் திணற வைத்த அத்தியாயம் ஒன்றும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. அதை அவர் சொன்னதே இல்லை. படத்தைப் பார்த்து நான் கேட்டபோது பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

குறை என்று ஒன்றிரண்டு இருந்தால் சொல்லலாம். ஏ.சி. தண்ணீர் முன்சீட்டில் இருக்கிறவர் காலில் சொட்டும். வலதுபக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். பின்கண்ணாடி இறங்கினால் ஏறாது, ஏறினால் இறங்காது. இதெல்லாம் சில்லறை. ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதுவும் வெயில் ஏறிய நேரமாகப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் இன்ஜின் அணைந்துவிடும். அரைமணி ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். மெக்கானிக் வந்து பார்ப்பார். பர்மாவில் வாத்தியாருக்கும் மெக்கானிக்குக்கும் ஒரே பட்டம், ஸயா. அந்த ஸயா ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துக்கொண்டு "யபாதெ" என்பார். பரவாயில்லை, சரியாகிவிடும் என்று அர்த்தம். நாலாவது மாதத்திலிருந்து அவர் யபாதெ சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் சித்தப்பாவுக்கு அமெரிக்காவுக்கே எழுதிக் கேட்கும் யோசனை வந்தது. வீட்டில் இங்கிலீஷ் டியூஷன் போய்க்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அக்கா பத்தாம் வகுப்பு; பரீட்சைக்குப் படிக்கிறவளை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று அம்மாவின் கட்டளை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நெட் கடையில் உட்கார்ந்து, கடைக்காரரின் மெயிலிலிருந்து, உலகப் புகழ்பெற்ற ஒரு கம்பெனிக்கு நான் புகார் எழுதினேன். 'மதிப்புக்குரிய ஐயா, எங்கள் கார் நடக்கிறது, பிறகு தூங்குகிறது' என்பது போன்ற கடிதங்கள். மூன்று கடிதங்களுக்கு அப்புறம் வண்டியின் நம்பரைக் கேட்டுப் பதில் வந்தது. அனுப்பினோம். இன்னொரு பதில் வந்தது.

அதில் நடுவில் தடித்த எழுத்தில் ஒரு வார்த்தை: ரீகால். எங்கள் வண்டி ரீகாலில் இருக்கிறதாம். என்னிடம் இங்கிலீஷ்-தமிழ் அகராதி ஒன்று இருந்தது. கோயிலில் ஞாயிறு தமிழ் வகுப்பில் முதல் பரிசாகக் கொடுத்தது. டியூஷன் டீச்சரின் இங்கிலீஷ்-பர்மிய அகராதியைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் தப்பித்திருப்போமோ என்னவோ. பரிசு வாங்கியவளுக்குப் பரிசை உபயோகிக்க வேண்டாமா? பார்த்தேன். முதல் அர்த்தம், நினைவுகூர்தல். அதன் கீழே வேறு அர்த்தங்களும் இருந்தன. வகுப்பில் முதலாவது வருகிறவள் நான், முதல் அர்த்தத்தைத் தாண்டி எதற்குப் போகிறேன்?

"சித்தப்பா, கம்பெனி நம்ம வண்டிய நினைச்சுக்கிட்டு இருக்காம்" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "மறுபடி படி" என்றார். படித்தேன். அதற்குக் கீழே இன்னும் நாலு வரி இருந்தது. தெரியாத வார்த்தைகள் அதிகம். அதைத் தாண்டி, "இப்படிக்கு" என்று முடித்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தை அவர் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை ஒட்டி, வண்டிக்குள் கண்ணாடிக்குக் கீழே மல்லிகைச் சரத்தோடு தொங்கவிட்டார். டீக்கடையில், துறைமுகத்தில், கோயிலில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார். "ஜப்பான்காரன் வித்தா மறந்துடுவான். வித்துட்டு அவன் ஊருக்குப் போயிடுவான். இவன் பாரு, எங்கேயோ அமெரிக்காவுல இருந்துகிட்டு, தின்கன்ஜூன்ல ஒரு வண்டி இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான்." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். மொழிபெயர்த்தவள் என்று எனக்கு ஒரு தட்டு சமோசா கிடைத்தது.

மார்ச்சில் அக்காவின் பரீட்சை வந்தது. அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சைதான் எல்லாம். அந்த மார்க்தான் இன்னார் டாக்டர், இன்னார் இன்ஜினியர், இன்னார் ஒன்றுமில்லை என்று ஆளைப் பிரித்து வைக்கும். அக்கா டாக்டர் என்று மூன்றாம் வகுப்பிலேயே முடிவாகியிருந்தது. அவள் கெட்டிக்காரி. பொம்மைகளுக்கு ஊசி போட்டதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே கெட்டிக்காரி. நாங்கள் அலோனிலிருந்து வீடு மாறி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டாமென்று அவள் அங்கேயே படித்தாள். பரீட்சையும் அங்கேதான். ஒன்பதுக்கு மணி அடித்தால் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

அம்மா பக்கத்து வீட்டு ஊலேயிடம் பேசிவைத்திருந்தாள். ஊலே என்றால் பர்மியில் மாமா. அவருடைய வெள்ளை ஜப்பான் வண்டி பிறந்ததிலிருந்து ஒருநாளும் நின்றதில்லை. இது தெரிந்ததும் சித்தப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"வீட்டு வாசல்ல வண்டி நிக்குது. பிள்ளை அடுத்த வீட்டு வண்டியில பரீட்சைக்குப் போகுதுன்னா நான் எதுக்கு அண்ணி இருக்கேன்?"

"நிக்குதுன்னு நீங்களே சொல்றீங்களே. அதுதான் பயமா இருக்கு" என்றாள் அம்மா.

"கம்பெனியே நினைச்சுக்கிட்டு இருக்கிற வண்டி, அண்ணி!"

அம்மா என்னைக் கூப்பிட்டாள். சித்தப்பாவின் வாயை அவள் என்றைக்கும் நம்பியதில்லை. என்னை நம்பினாள். "நிசமாவே அப்படித்தான் எழுதியிருக்கா? நீ சரியாப் படிச்சியா?"

"சரியாத்தாம்மா படிச்சேன். வேணும்னா அகராதியக் காட்டட்டுமா?" என்றேன் ரோஷத்தோடு.

காட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மா ஊலேயிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

முதல் இரண்டு நாளும் வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போனது. மூன்றாம் நாள் கணக்குப் பரீட்சை. அக்கா, அம்மா, தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள நான். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. ம்யேனிகோன் முக்கில், சரியாக நட்டநடுவில், இன்ஜின் அணைந்தது. மணி எட்டரை. நாலு பக்கத்திலிருந்தும் வந்த வண்டிகள் எங்களைச் சுற்றி இறுகி நின்றுவிட்டன. ஒரு டாக்சியும் நகர முடியவில்லை. நகர முடியாததற்குக் காரணமே நாங்கள்தான்.

சித்தப்பா சாவியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். அப்புறம் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். "அந்தக் காலத்துல கம்பெனிக்கே ஒரு கஷ்டம் வந்தப்ப..."

"வாய மூடுங்க சித்தப்பா!" என்றாள் அக்கா.

பெரியவர்களை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள். சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கி ஓட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துப் பச்சை லுங்கியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜாமெட்ரி பெட்டி கடகடக்க ஓடினாள். பின்னால் அம்மா. அம்மாவின் செருப்பு வார் அறுந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள். கடைசியில் நான். திரும்பிப் பார்த்தபோது சித்தப்பா வண்டிக்கு வெளியே நின்று, எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஒரே ஹாரன், ஒன்றும் கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி அடித்து ஓய்ந்துவிட்டது. கேட் சாத்தியிருந்தது. அம்மா கும்பிட்டாள், கெஞ்சினாள், பிறகு செருப்பைப் பிடித்த கையாலேயே கேட்டைத் தட்டிப் பர்மியில் கத்தினாள். யாரோ ஒரு டீச்சர் வந்து பார்த்து, இரக்கப்பட்டுத் திறந்துவிட்டார். அதற்குள் கால்மணிக்கு மேல் போய்விட்டது. அக்கா வெளியே வந்தபோது அழவில்லை. "முதல் பக்கம் பூரா அடிச்சு அடிச்சு எழுதினேன். கடைசி ரெண்டு கணக்கையும் தொடவே இல்ல" என்றாள்.

சித்தப்பா சாயங்காலம் வந்தார். வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். கைகால்கூடக் கழுவாமல் நேரே என் மேஜைக்குப் போய், அகராதியை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். என்ன தேடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. தப்பித்துக்கொள்ள ஏதாவது இங்கிலீஷ் வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பி வைத்துவிட்டு, அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"எங்க அந்த லெட்டர்? கொண்டாங்க" என்றாள் அம்மா. "இவளை விட்டு முழுசாப் படிக்கச் சொல்றேன். அப்படி என்னத்தத்தான் எழுதியிருக்கான்னு நானும் கேக்கறேன்."

"இல்ல அண்ணி. ஆத்துல போட்டுட்டேன்."

"ஏன்?"

"அதுல அப்படி ஒண்ணும் எழுதல. நான்தான் பெருமைக்காகக் கதை கட்டினேன். பிள்ளைகிட்டயும் அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மொழிபெயர்ப்பு! தின்கன்ஜூன் பூராவும் பாராட்டிய மொழிபெயர்ப்பு! "பொய்! சித்தப்பா பொய் சொல்றார்மா! நானாத்தான் படிச்சேன்! எல்லாம் நானேதான் சொன்னேன்!" என்று குதித்தேன்.

"நீ பேசாம இரும்மா" என்றார் சித்தப்பா. அவர் என்னை அதட்டியது அது ஒரு தடவைதான்.

அம்மா அவரை நம்பினாள். அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அவரோடு பேசவில்லை. சோறு போடுவாள், துணி துவைத்துப் போடுவாள், பேச மாட்டாள். ஜூனில் ரிசல்ட் வந்தது. எல்லாப் பாடத்திலும் சிறப்புத் தேர்ச்சி, கணக்கு தவிர. மருத்துவக் கல்லூரிக்கு மொத்த மார்க்கைப் பார்ப்பார்கள், கணக்கில் போனதுதான் அதில் குறைந்தது. அம்மாவின் மௌனம் அதற்கப்புறம் இன்னும் கெட்டிப்பட்டது. சித்தப்பா அமெரிக்க வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

அக்கா இன்று தின்கன்ஜூனிலேயே டியூஷன் எடுக்கிறாள், கணக்குத்தான். பரீட்சை நாட்களில் பிள்ளைகளை விடியும்போதே கிளம்பச் சொல்லிப் பெற்றோரின் உயிரை வாங்குகிறாள். அம்மா சித்தப்பாவோடு பேசுகிறாள், ஆனால் அளந்துதான். சித்தப்பா இப்போது ஒரு சின்ன ஜப்பான் வண்டி வைத்திருக்கிறார், தப்பான பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறார். அது நிற்பதே இல்லை. அதனால் அதற்குக் கதையும் இல்லை.

நான் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கடிதங்களை மொழிபெயர்க்கிறேன். போன மழைக்காலத்தில் ஓதம் ஏறிய புத்தகங்களை வெயிலில் போடும்போது அந்தப் பரிசு அகராதி கையில் வந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் எண்ணெய் விரல்ரேகை. ரீகால். முதல் அர்த்தம், நினைவுகூர்தல். இரண்டாவது அர்த்தம், பழுதுள்ள பொருளைத் திரும்பப் பெறுதல். இரண்டாவதன் கீழே ஒரு தடித்த நீலக் கோடு இழுத்திருந்தது. அன்றைக்கு நடுரோட்டில் அந்தக் கடிதத்தை யார் அவருக்கு வாசித்துக் காட்டினார்களோ தெரியாது. நான் தாண்டிப்போன நாலு வரியில் என்ன இருந்திருக்கும் என்று மட்டும் இப்போது எனக்குத் தெரியும். ஓடும்போதே இன்ஜின் அணைந்துவிடும், ஓட்டாதீர்கள் என்றுதான் இருந்திருக்கும். இப்படிப்பட்ட கடிதங்களை மாதம் இரண்டு நான் மொழிபெயர்க்கிறேன்.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அமெரிக்காவிலிருந்து எனக்கு வந்த கடிதத்தை அவர் ஆற்றில் போட்டுவிட்டார், என்னைப் பொய்க்காரியும் ஆக்கிவிட்டார் என்பதுதான். நானும் பேச்சை நிறுத்தினேன். அம்மாவும் பேசாத, அக்காவும் பேசாத அந்த வீட்டில் ஒரு மாதம் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். ஒருநாள் அவர் ஒரு தட்டு சமோசாவோடு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "தப்புதாம்மா. சித்தப்பாவ மன்னிச்சுக்கோ" என்றார்.

நான் சமோசாவை வாங்கிக்கொண்டேன். பெரிய மனசு பண்ணி, சரி, இந்த ஒரு தடவை மன்னித்துவிட்டேன் என்றேன். இனிமேல் என் இங்கிலீஷ் விஷயத்தில் தலையிடக் கூடாது என்றும் சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.